யார் கையிலிருந்து?

சனிக்கிழமை காலையில் என் மகள் முழுக்கத் தேறியிருந்தாள். வியாழக்கிழமை தாடிக்காவிலிருந்து போன் வந்தது: பிள்ளை வாந்தி எடுக்கிறாள், வந்து அழைத்துக்கொண்டு போங்கள். அன்றிரவு மூன்று முறை எடுத்தாள், வெள்ளிக்கிழமை காலையில் ஒரு முறை. மாலையே மைலோ கேட்டுக் குடித்துவிட்டு கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளுக்கு வரும், போகும். சனிக்கிழமை எழுந்தபோது என் வயிற்றில் ஏதோ உருண்ட மாதிரி இருந்தது. முதல்நாள் இரவு சாப்பிட்ட ரொட்டி சானாயின் மேல் பழியைப் போட்டேன். பதினொரு மணிக்குப் பண்டமாரானுக்குக் கிளம்பினேன், பக்கத்து இருக்கையில் ஒரு டப்பா பால்கோவா.

பண்டமாரானில் ஒரு முதியோர் இல்லத்தில் என் சின்னம்மா இருக்கிறார். இரண்டு இணைப்பு வீடுகளின் நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கிய கட்டடம். போர்ட் கிள்ளானுக்குப் போகும் கன்டெய்னர் லோரிகளின் சத்தம் வாசல்வரை கேட்கும். 22 பேர், நாலு குளியலறை, வேலைக்கு ஐந்து பேர். 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கேட்டை மூடினார்கள். பிறகு மாதக்கணக்கில் கம்பிக்கு வெளியே நின்றுதான் பேச முடிந்தது. அந்தக் காலத்தில் சின்னம்மாவின் பக்கத்துக் கட்டில் பாட்டி தன் மகன்கள் பெயரை ஒவ்வொன்றாக மறந்துபோனார். அதைப் பார்த்த பிறகு, இனிமேல் எந்தச் சனிக்கிழமையும் தவறக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் வேலை காரணமாகத் தவறியிருந்தது. அதனால்தான் அன்று வயிற்றைப் பொருட்படுத்தவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்த வரிசை அதுதான்.

கேட்டில் ஆல்கஹால் ஜெல் பாட்டில் தொங்கியது. இரண்டு முறை அழுத்திக் கையைத் தேய்த்துக்கொண்டேன். கோவிட்டுக்குப் பிறகு அந்த வாசனை வந்தாலே நாம் சுத்தமாகிவிட்டோம் என்று மனசு நம்பிவிடுகிறது. உள்ளே போய் பால்கோவாவை என் கையாலேயே உருண்டை பிடித்து சின்னம்மாவுக்கும் பக்கத்தில் இருந்த ஆறு பேருக்கும் கொடுத்தேன். மூன்றாம் கட்டில் தாத்தாவுக்குக் கை நடுங்கும் என்பதால் வாயிலேயே ஊட்டிவிட்டேன். “இனிப்பு குறைச்சல் தம்பி,” என்றார். மேலும் ஒன்று கேட்டார்.

ஞாயிறு இரவு இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் ஒன்பது. புதன்கிழமை 22 பேரில் 14, வேலைக்காரர்களில் மூன்று. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மூன்றாம் கட்டில் தாத்தா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது 85.

வந்து பார்த்த கிளினிக் டாக்டர், “நோரோ மாதிரி இருக்கு,” என்றாராம். நானும் அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க என் சனிக்கிழமை ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.

1968ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்கிற ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரியில் இருந்த கிருமியை 1972ல்தான் ஆல்பர்ட் கபிக்கியான் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டுபிடித்தார். ஊர் பெயரிலிருந்துதான் நோரோ வந்தது. உடம்புக்குள் போனால் 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். நோயாளி வெளியேற்றும் கிருமிகளைக் கோடிக்கணக்கில் எண்ண வேண்டும். அடுத்தவரை வீழ்த்த நூறுகூடத் தேவையில்லை. வாந்தி நின்ற பிறகும் மலத்தில் பல நாள் வந்துகொண்டிருக்கும். ஆல்கஹால் ஜெல் அதை அவ்வளவாக அசைப்பதில்லை, ஓடும் தண்ணீரும் சோப்பும் 20 விநாடியும் வேண்டும். கேட்டில் தொங்கிய பாட்டிலை நினைத்துக்கொண்டேன். அதே கேட்டுக்கு மூன்றடி தள்ளி ஒரு பைப் இருக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற.

அமெரிக்காவில் பதிவாகும் நோரோ பரவல்களில் பாதிக்கு மேல் முதியோர் பராமரிப்பு இல்லங்களில்தான் நடக்கின்றன. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரே சமையல், ஒரே கழிவறை, ஒரே கைகள். ஒருவரின் பம்பர்ஸை மாற்றிய கை அடுத்தவருக்குக் கஞ்சி ஊட்டுகிறது. இளம் உடம்பு இரண்டு நாளில் உதறிவிட்டு எழுந்துவிடும். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியே குறைந்திருக்கும், உடம்பில் தண்ணீர் வற்றுவது அவர்களுக்கே தெரியாது. பிறகு சிறுநீரகம், ரத்த அழுத்தம், மயக்கம். நோயைவிட வறட்சிதான் கொல்கிறது. 1971ல் வங்காள அகதிகள் பங்காவ் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, திலீப் மகலனோபிஸ் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது உப்புச் சர்க்கரைத் தண்ணீர் மட்டுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காக ஊட்ட ஒரு உறவினர் இருந்தார். எங்கள் இல்லத்தில் அந்தப் புதன்கிழமை 14 நோயாளிகளுக்கு எழுந்து நடமாடிய வேலைக்காரர்கள் இரண்டே பேர்.

பரவலை நிறுத்துவதற்கான வழிகள் சிக்கலானவை இல்லை. நோயாளிகளை ஒரு பக்கம் பிரித்து வைக்க வேண்டும். அவர்களைப் பார்க்கிற ஆள் மற்றவர்கள் பக்கம் போகக் கூடாது. கூடத்தில் சேர்ந்து சாப்பிடுவது, பஜனை, டிவி எல்லாம் நிற்கும். புது ஆளைச் சேர்க்கக் கூடாது, வருகையாளர் கூடாது. வாந்தியை முதலில் துடைத்தெடுத்துவிட்டு, அப்புறம் குளோராக்ஸ் கலந்த தண்ணீரால் துடைத்து ஐந்து நிமிடமாவது விட வேண்டும். சாதாரண வீட்டுக் குளோராக்ஸ் என்றால் நாலு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 25 மேசைக்கரண்டி. வெறும் வாசனைத் தைலம் ஊற்றித் துடைத்தால் வாசனைதான் வரும். கதவுப் பிடி, கட்டில் கம்பி, சக்கர நாற்காலியின் கைப்பிடி, ரிமோட். கடைசியாக, வேலைக்காரர் யாருக்காவது வாந்தி பேதி வந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கு வரக் கூடாது.

எழுதிவைத்தால் ஒரு தாளில் அடங்கிவிடும். ஆனால் அந்தத் தாளில் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரிடமிருந்து எதையோ பிடுங்குகிறது.

சின்னம்மாவிடமிருந்து பிடுங்கியது கூடத்தை. அவருக்கு நோய் வரவில்லை; பால்கோவா சாப்பிட்ட ஏழு பேரில் தப்பித்த இரண்டு பேரில் அவர் ஒருவர். ஆனாலும் ஒன்பது நாள் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது. போனில் என்னிடம் சண்டை. “நான் என்னா தப்பு பண்ணேன்? செயில்ல கூட வெயில்ல விடுவானுங்க.” பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு இதையெல்லாம் புரியவைக்க முடியாது. எழுந்து நடந்துகொண்டே இருப்பார், எல்லார் கட்டிலையும் தொடுவார். இரண்டாம் நாள் அவர்கள் அறைக் கதவை வெளியே தாழ் போட்டார்கள். இரவெல்லாம் பாட்டி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். சின்னம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உட்கார வைப்பாராம். தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். “தொடாம எப்படிடா சமாதானப்படுத்துறது?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் இல்லை. கதவைத் தாழ் போடாமல் விட்டிருந்தால் இன்னொருவர் செத்திருக்கலாம். தாழ் போட்டதால் ஒரு கிழவி ஒன்பது இரவுகள், ஏன் என்றே தெரியாமல், சிறையில் இருந்தார். எண்ணிக்கை மட்டும் தெரிந்தவருக்கு இது சுலபமான கணக்கு. நான் தாழ் போட்டவர் பக்கம்தான் வாக்களிப்பேன். ஆனால் அந்தக் கதவுக்குள் யாராவது ஒருத்தர், கையுறை மாட்டிக்கொண்டாவது, அவரோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்வேன். அதற்கு ஆள் இல்லை, சம்பளம் கொடுக்கக் காசு இல்லை என்பார்கள். இரண்டும் உண்மை. அப்படியென்றால் பாட்டியைப் பூட்டியதில் கிருமிக்கு எவ்வளவு பங்கு, மாதம் 1,500 வெள்ளிக்குள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன நமக்கு எவ்வளவு பங்கு?

தனிமைப்படுத்தல் தமிழர்களுக்குப் புதிது இல்லை. கப்பலில் வந்த நம் பாட்டன்களில் பலர் மலாயாவில் முதலில் தூங்கிய இடம் தோட்டத்து லயம் இல்லை. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவிலோ, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட நம் கிள்ளான் துறைமுகத்திலோ இருந்த தனிமைக் கொட்டகைகள். காலராவும் அம்மையும் தோட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பது நோக்கம். கூலிகளின் உயிர் மேல் இருந்த அக்கறை எவ்வளவு, ரப்பர் மேல் இருந்த அக்கறை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மூன்றாம் கட்டில் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் போகும்போதெல்லாம் ஒரே கதையைச் சொல்வார். அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவர் அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடக் கூட்டிப் போனான். திரும்பவில்லை. யுத்தம் முடிந்து திரும்பிய ஒருவர் வந்து, “வாந்திபேதியில போயிட்டாரும்மா,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு வரிதான். அம்மா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

1943 மே மாதம் மழையோடு காலரா அந்த முகாம்களுக்குள் வந்தது. ஒரே ஆறு, ஒரே கிருமி, ஒரே பட்டினி. நேசப்படைப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000க்கு மேல் இறந்தார்கள், அதுவே பெரிய கொடுமை. மலாயாவிலிருந்து போன 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில், பெரும்பாலும் தமிழர்கள், ஏறக்குறையப் பாதிப்பேர் திரும்பவில்லை என்று கணக்கிடுபவர்கள் உண்டு. என்ன வித்தியாசம்? கைதிகளிடம் தங்கள் மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கேட்டார்கள். காலரா நோயாளிகளுக்குத் தனிக் கூடாரம் போட்டார்கள். மூங்கிலையும் ஸ்டெதஸ்கோப் ரப்பர் குழாயையும் வைத்து நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். நம் ஆட்களிடம் மருத்துவர் இல்லை, அவர்களுக்காகப் பேச ஒருவரும் இல்லை. பயத்தில் ஓடியவர்கள் கிருமியையும் தூக்கிக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போனார்கள். 1943 நடுவில்தான் கைதிகளான மருத்துவ ஆட்களைக் கொண்ட கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்ற குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர்கள் அனுப்பினார்கள். அதற்குள் பல முகாம்களில் காரியம் கைமீறியிருந்தது.

எண்பது வருடம் கழித்து மகனும் வாந்தி பேதியில்தான் போனார். இந்த ஒற்றுமையைப் பெரிதாக்கி ஏதாவது சொல்ல ஆசை வருகிறது, சொல்லப் போவதில்லை. அவர் அப்பாவைக் கொன்றது ஒரு பேரரசு. அவரைக் கொன்றதில் ஒருவேளை என் பங்கு ஒரு பால்கோவா உருண்டை.

சாவு வீட்டுக்குப் போனேன். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வயசாயிருச்சு அண்ணே, கஷ்டப்படாம போயிட்டாரு,” என்றார். அவர் கஷ்டப்பட்டார் என்று எனக்குத் தெரியும். நான் தலையை ஆட்டினேன்.

இங்கிலாந்துத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976ல் ஒரு கட்டுரையில் ஒரு லோரி ஓட்டுநரை உதாரணமாகச் சொல்கிறார். ஓட்டுநர் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஒரு குழந்தை குறுக்கே வந்து அடிபட்டுச் செத்துவிடுகிறது. எல்லாரும் அவரைத் தேற்றுவார்கள், “உன் தப்பில்லப்பா,” என்பார்கள். தேற்ற வேண்டியதுதான். ஆனால் அவர் உடனே, “ஆமாம், என் தப்பில்லை,” என்று தேறிவிட்டால் அவரைப் பற்றி நமக்கு ஒரு சந்தேகம் வரும். பார்த்துக்கொண்டு நின்றவர்களின் வருத்தமும் ஓட்டியவரின் வருத்தமும் ஒன்றாக இருக்க முடியாது என்கிறார் வில்லியம்ஸ். பண்டமாரானில் வளர்ந்தவர்களுக்கு இந்த உதாரணத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தாமானில் இருந்த ஒரு லோரி மாமா அப்படி ஒரு விபத்துக்குப் பிறகு வண்டியை விற்றுவிட்டு பாசாவில் தேங்காய் உரித்தார். போலீஸ் அவர் மேல் வழக்குக்கூடப் போடவில்லை. கேட்டால், “கை வரல,” என்பார்.

ஆனால் நான் அந்த ஓட்டுநர் இல்லை. எனக்குக் குறிப்புகள் இருந்தன: மகளின் வாந்தி, வயிற்றின் உருட்டல். அதே சமயம், தெரிந்தே தொற்று பரப்பியவனும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அகலமான இடம் இருக்கிறது, நம்மில் அநேகமாக எல்லாரும் அங்கேதான் குடியிருக்கிறோம்.

அந்த இடத்தில் இருந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் மேரி மாலன். நியூயார்க்கில் பணக்கார வீடுகளில் சமைத்த ஐரிஷ்காரப் பெண். அவர் உடம்பில் டைபாய்டு கிருமி குடியிருந்தது, அவருக்கு நோய் இல்லை. 1907ல் பிடித்துத் தீவு ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, இனிச் சமைக்க மாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில் விட்டார்கள். துணி துவைக்கிற வேலையில் சமையலில் கிடைத்த சம்பளம் கிடைக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்குப் போனார், அதுவும் ஒரு மகப்பேறு மருத்துவமனையில். 25 பேருக்கு நோய், இரண்டு பேர் சாவு. 1915லிருந்து 1938ல் சாகும்வரை மறுபடி தீவு. அவர் செய்தது பெரிய தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரைப் போலவே கிருமியைச் சுமந்து அவரைவிட அதிகமானவர்களுக்குக் கொடுத்த ஆண்கள் வெளியே நடமாடினார்கள். சமைக்காதே என்று சொன்ன அரசு, சமைக்காமல் அதே சம்பளத்துக்கு என்ன செய்வது என்பதைச் சொல்லியிருந்தால் அந்த 25 பேர்?

இதை எழுதக் காரணம் மேரி இல்லை. இல்லத்தில் வேலை செய்த ஒரு இந்தோனேசிய அக்கா. மேடான்காரர். என் சின்னம்மாவுக்கு இரண்டு வருடம் தலை பின்னிவிட்டவர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் பின்பக்கம் போய் வாந்தி எடுத்ததைச் சமையல்காரர் பார்த்திருக்கிறார். அவர் யாரிடமும் சொல்லவில்லை, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பசியாறக் கொடுத்திருக்கிறார். தாத்தா இறந்த பிறகு விசாரணை மாதிரி ஒன்று நடந்தது. எல்லார் விரலும் அவர் பக்கம் திரும்பியது. அடுத்த வாரம் அவர் இல்லை. “அந்தப் பொம்பளதான் கொண்டாந்துட்டா,” என்று வருகிற உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை என்று நினைக்கிறேன், ஆட்டியிருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு என் கை, ஞாயிறு காலை அவருடைய வாந்தி, 20 மணி நேரம். நான் கொண்டுவந்ததை அவரும் வாங்கியிருக்கலாம். டப்பாவில் மிச்சமிருந்த பால்கோவாவை வழித்துச் சாப்பிட்டது அவர்தான், நான்தான் கொடுத்தேன். வேறு யார் கையிலிருந்தும் வந்திருக்கலாம். அந்த வார இறுதியில் வந்துபோனவர்கள் 14 பேர். ஆனால் 14 பேரில் ஒருவரையும் யாரும் விசாரிக்கவில்லை. நாங்கள் மாதக் கட்டணம் கட்டுகிறவர்கள்.

அவர் ஏன் சொல்லவில்லை? அவருக்கு நாள் கூலி. வராத நாளுக்குக் காசில்லை. இந்த நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம், இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவை உள்ளவருக்குக்கூட வருடம் 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தருகிறது. தாளில் பெயர் இல்லாதவருக்குச் சட்டம் எங்கே போய்த் தரும்? 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. டாக்டர் மட்டுமில்லை, நோயாளியோடு இருப்பவர், அவரைப் பார்த்துக்கொள்பவர் எவரானாலும் சுகாதார அலுவலகத்துக்கோ போலீஸ் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும், கிராமத் தலைவரிடமாவது சொல்ல வேண்டும் என்கிறது. உணவு நச்சு, காலரா, டைபாய்டு, சீதபேதி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல சட்டம். ஆனால் பெர்மிட் இல்லாத ஒரு பெண் போலீஸ் நிலையத்துக்குப் போய், “எனக்கு வாந்தி,” என்று சொல்வாரா? இல்ல நடத்துநர்களும் அப்படித்தான். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ்ப் பதிய வேண்டும் என்று தெரிந்தும் பதியாமல் நடப்பவை உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் 14 பேர் வாந்தி எடுத்தாலும் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துடைக்கத்தான் பார்ப்பார்கள்.

பரவலைத் தடுக்கிற மொத்த ஏற்பாடும் ஒரே ஒரு வார்த்தையை நம்பி நிற்கிறது. யாராவது ஒருவர், முதல் ஆளாக, “எனக்கு முடியல,” என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னவருக்கு என்ன நடந்தது என்பதை மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அக்காவை அனுப்பியதால் இல்லம் சுத்தமாகவில்லை. அடுத்த முறை வாந்தி வந்தால் இன்னும் தூரமாகப் போய் எடுக்க வேண்டும் என்று மிச்சம் இருந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். பழி சொல்வது தவறு என்று பொதுவாக நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து ஊர்களில் வாந்திபேதி வந்தால் மாரியம்மன் கோபம் என்றார்கள். அதில் ஒரு வசதி, அம்மன் மேல் போட்டால் எந்த வேலைக்காரியையும் விரட்ட வேண்டியதில்லை. கிருமியைக் கண்டுபிடித்த பிறகு நமக்கு ஆள் தேட ஆரம்பிக்க முடிந்தது. தேடும்போது கையில் அகப்படுவது எப்போதும் கீழே இருப்பவர்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் இல்லத்தை நடத்தும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். மகளின் வாந்தி, என் வயிறு, பால்கோவா, எல்லாம். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இப்ப எதுக்கு தம்பி இது?”

“அந்த இந்தோனேசிய அக்கா மேல பழி வந்துச்சுல்ல.”

“அவளும் சொல்லியிருக்கணும். நீங்களும் சொல்லியிருக்கணும்.” கொஞ்ச நேரம் கழித்து, “நானும் அந்த வியாழக்கிழமை ஒரு கல்யாணத்துல சாப்பிட்டுட்டு வந்து ராத்திரியெல்லாம் பாத்ரூம்லதான் கெடந்தேன். காலைல வந்து எல்லாருக்கும் மருந்து கொடுத்தேன். யாரு கொண்டாந்தாங்கன்னு இப்ப கண்டுபிடிச்சு என்னா பண்ணப் போறோம்?” என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பெரிய நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து வெட்கமும் வந்தது. அந்த அக்காவின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்த நம்பர் வேலை செய்யவில்லை. காப்பாரில் ஏதோ தொழிற்சாலையில் இருப்பதாகச் சமையல்காரர் சொன்னார், இல்லை ஊருக்கே போய்விட்டார் என்று வேறொருவர் சொன்னார். தாத்தாவின் மகனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் பாரம் குறையும், அவர் பாரம் ஏறும் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அது நல்ல காரணமா, வசதியான காரணமா என்று இரண்டு வருடமாகத் தெரியவில்லை.

சில விஷயங்கள் மாறின. செடிப் பைப்புக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியும் சோப்பும் வைத்தார்கள். தொட்டிக்கு நான் காசு கொடுத்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் நல்லது, ஆனால் சொல்லிவிட்டேன். வருகைப் புத்தகத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: கடந்த 48 மணி நேரத்தில் உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ வாந்தி, பேதி உண்டா? வேலைக்காரர்களுக்கு நோய் வந்தால் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று பேசினோம். அதற்காக உறவினர்கள் மாதம் பத்து வெள்ளி சேர்த்துக் கொடுப்பது என்று முடிவானது. 22 குடும்பத்தில் 13 கொடுக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கேட்டில் நின்று அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தேன். முதல்நாள் இரவு மகளுக்கு இரண்டு முறை வயிற்றால் போயிருந்தது. வெளியில் விற்ற தேங்காய்த் தண்ணீராக இருக்கலாம். காலையில் நன்றாக இருந்தாள். ‘உண்டு’ என்று எழுதிவிட்டு, வாங்கிவந்த பாக்கெட் பிஸ்கட்டைக் கேட்டுக் கம்பியில் மாட்டிவிட்டு, காரில் உட்கார்ந்து சின்னம்மாவுக்குப் போன் அடித்தேன். வாசலுக்கு வந்துவிட்டேன், உள்ளே வர முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

“இத வீட்டுலேருந்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. எட்டு மணிக்கே பவுடர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்,” என்றார். அப்புறம், “சரி, காரை அந்தப் பக்கம் கொண்டுபோயி நிறுத்து. ஜன்னல்லேருந்து தெரியும்,” என்றார்.